நீலமணியின் இயந்திர அறை

ஜூன் 3, 2024
போடியில் காலையிலிருந்தே சாரல். கடையில் ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியிலிருந்து இவருக்குப் போன். இவர் கடற்படையில் வேலை பார்த்த நீலமணி கப்பலை உடைக்கவில்லையாம். கரையோரம் நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்குகிறார்களாம். “பழைய ஆளுகளக் கூப்புடுறாக, பாக்கியம்” என்றார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 9
பாதி சந்தோஷம் போயிற்று. இயந்திர அறையைக் காலி செய்து கேன்டீன் வைக்கப்போகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த இரும்பை யார் பார்க்க வருவார்கள் என்றாராம் பொறுப்பாளர் மதன்குமார். இவருக்கோ கப்பல் என்றாலே அந்த அறைதான். சாப்பிடவில்லை.
“நாலு பேர நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்க. அதப் பாத்துட்டு அவுக முடிவு பண்ணட்டும்” என்றேன்.
இவர் போன் போட்டுக் கேட்டார். மதன்குமார் ஒத்துக்கொண்டார் — ஒரே ஒரு முறை.

ஜூன் 20
நாளை நானும் போகிறேன்! இவர் விசாகப்பட்டினத்தில், நான் இங்கே கடையில் என்றே அந்த வருடங்கள் ஓடின. கப்பலை நான் பார்த்ததே இல்லை. தூக்கம் வருமா?

ஜூன் 21
அறையைப் பார்க்க ஒரு பஸ் நிறையக் கல்லூரிப் பெண்கள் வந்திருந்தார்கள். அறைக்கு இறங்கப் படி என்று பெயர், ஏணிதான். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன்.
கீழே இவர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். பேச்சு வரவில்லை. வீட்டுல வாய் ஓயாத மனுசன்! மதன்குமார் கைக்கடிகாரத்தப் பாக்குறாரு. பேசுங்களேன்...
எப்படி முன்னால் போய் நின்றேன்? தெரியவில்லை. புயலில் தண்ணீர்க் குழாய் வெடித்ததையும், இவரும் கூட்டாளியும் சட்டையைக் கழற்றிச் சுற்றி, கரை சேரும்வரை மாறி மாறி அழுத்திப் பிடித்திருந்ததையும் சொன்னேன். நூறு தடவை கேட்ட கதையல்லவா?
“எந்தக் குழாய், ஆன்ட்டி?” என்றாள் ஒருத்தி.
எனக்கெப்படித் தெரியும்? இவரைப் பார்த்தேன். இவர் நடந்துபோய் ஓரிடத்தில் கை வைத்தார். வெல்டிங் வைத்த தடம்.
“இங்கனதான்” என்றார்.
அவ்வளவுதான். அதன் பிறகு இவரை நிறுத்த முடியவில்லை. பெண்கள் வரிசையாக வந்து அந்தத் தடத்தைத் தொட்டார்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தும் மேலே ஏறவில்லை. மதன்குமார் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

ஜூலை 2
கேன்டீன் கரையில்! அறை அப்படியே இருக்கும்!

பிப்ரவரி 8, 2025
சனிக்கிழமை, இவர் வந்தவர்களுக்கு அறையைச் சுற்றிக்காட்டும் நாள். கடையை மகள் ஜெஸ்லின் பார்த்துக்கொண்டாள். நீலமணியில் சரியான கூட்டம். மதியத்துக்குள் இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு வந்தவர்களை நானே கூட்டிப்போனேன். ஓர் அம்மா, “நீங்க எந்த வருசம் நேவில இருந்தீக?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே திரும்பினேன். ஏணியில் அடுத்த கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.