சக்கரத்துக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம்

திருவண்ணாமலை,
20-3-84

சௌபாக்கியவதி சந்திரகலாவுக்கு ஆயா ரேணுகாம்பாள் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே வெயில் ஜாஸ்தி, தண்ணீர் கம்மி, மற்றபடி எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். பிலாயில் நீயும் குழந்தை ரேணுவும் உன் அண்ணன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் நாத்தனார் கஸ்தூரி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டாள். அவளோடு பரீட்சைக்குப் போன பெண்களில் இவள் ஒருத்திக்குத்தான் முதல் வகுப்பு. கொழுந்தன் மூர்த்தி அரைப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு நூறு. அவன் வாத்தியார் ராஜமாணிக்கம் வீடு தேடி வந்து சொன்னார். அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை இல்லை, வெல்லம் போட்டுக் காபி கொடுத்தேன், நல்லா இருக்குது என்று இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார். கீழ்பென்னாத்தூரில் என் மகள் வயிற்றுப் பேரன் ராஜேந்திரனுக்குக் கரன்ட் ஆபீஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. கம்பம் ஏறுகிற வேலைதான், ஆனாலும் சர்க்கார் வேலை. கம்பத்தின் மேலே அவன் நிற்பதை ஊரே அண்ணாந்து பார்க்கிறது.

மூத்த பேரனைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று இந்த இடத்தில் நீ தேடுவாய். உன் வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. உன் மாமியார் என்னை எழுதச் சொல்லவில்லை, அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி. அருணகிரிக்கு நான் எழுதுவதே தெரியாது.

அவன் ரேஸை விட்டுவிட்டான்.

தோற்றுப்போய் விடவில்லை. போன மாதம் சோழவரத்தில் ஜெயித்துவிட்டு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கில் சொல்லிவிட்டு வந்தான். அதுதான் ஊரில் ஒருத்தருக்கும் புரியவில்லை. ஜெயிக்கிறவன் ஏன் விடணும் என்று என்னிடம் வந்து கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. நானும் அவனைக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "கொடி விழும்போதே பிரேக்கு ஞாபகம் வருது ஆயா. முன்னெல்லாம் கோட்டைத் தாண்டின அப்பாலதான் பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியும்" என்றான். அப்புறம் மோர் கேட்டான்.

அந்த ரேஸை நான் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறேன், உனக்கு நினைவிருக்கும், நீதான் கூட்டிக்கொண்டு போனாய். கால் மைல் நேர் ரோடு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கொடி. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் முடிந்துவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போது நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோட்டில் தருமனுடைய மெக்கானிக் ஷெட் வாசலில் பந்தல் போட்டு அவனுக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். தருமன் பேரைக் கேட்டதும் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சோழவரத்தில் வண்டி உருண்டதைப் பார்த்ததும், நின்று விசாரிக்காமல் பஸ் பிடித்து ஓடி வந்து, அண்ணன் செத்துட்டாரு என்று நம் வாசலில் விழுந்து அழுதவன் அவன்தான். சாயங்காலம் அருணகிரி கையில் கட்டோடு வந்து இறங்குகிற வரைக்கும் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அதற்கப்புறம் நீ என்னிடம் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "ஒரு தடவை தாலியில்லாதவளா உக்காந்து பாத்துட்டேன் ஆயா. இன்னொரு தடவை என்னால ஆவாது" என்றாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ ரயில் ஏறியதை நான் குற்றமாகச் சொன்னதே இல்லை.

விழாவுக்கு ஆரணி, போளூர், செங்கம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்திருந்தது. லாரி டிரைவர்கள், சைக்கிள் கடைக்காரர்கள், ரேஸ் அன்றைக்குக் கடையைச் சாத்துகிற முடி வெட்டுகிறவர் எல்லாரும். ராஜமாணிக்கம் வாத்தியார் கண்ணாடி போட்ட வாழ்த்து மடலை வாசித்தார். காற்றே, கனலே, மின்னலே என்று அவர் ராகம் போட, மின்னல் காதைச் சொறிந்துகொண்டு நின்றது. பொன்னாடை ஜாஸ்தியாகிப் போய் அவன் முகமே தெரியவில்லை. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். அவ்வளவு கூட்டத்தில், அருணகிரியை வளர்த்த ஆயா என்று மைக்கில் சொன்னபோது என் மனசு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் தருமன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பானே, அன்றைக்கும் கை பழக்கத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துவிட்டான். பழம் வைத்தால் வண்டி ஏறி நசுக்கிவிட்டுப் புறப்பட வேண்டும் இல்லையா? கூட்டம் அதைப் பார்த்துவிட்டது. ஏத்துண்ணா, ஏத்துண்ணா என்று கத்த ஆரம்பித்தார்கள். யாரோ அதற்குள் ஓடிப்போய் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, மாட்டு வண்டிகளை ஓரம் கட்டி, ரோட்டைத் திருப்பம் வரைக்கும் காலி செய்துவிட்டார்கள். தருமன் அருணகிரியின் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினான். "ஒரே ஒரு தடவைண்ணா. அந்தத் திருப்பம் வரைக்கும். காதுக்கு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றான்.

அருணகிரி ஏறி உட்கார்ந்தான். உதைத்தான். என் நாற்காலி அதிர்ந்தது சந்திரகலா, பந்தல் அதிர்ந்தது, புகையில் யாருடைய முகமும் தெரியவில்லை. ஜனங்கள் ஓ என்று போட்ட கூச்சலில் அண்ணாமலையாரே கோயிலை விட்டு எழுந்து வந்திருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போனால் போகட்டும், ஒரு திருப்பம்தானே என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. அவ்வளவு ஆசையாக அத்தனை பேர் கேட்கிறார்கள்.

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தால் அவன் வண்டியை விட்டு இறங்கிக் குனிந்துகொண்டிருந்தான். சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, இரண்டு பழத்தையும் எடுத்து, சட்டையில் துடைத்துத் தருமன் கையில் வைத்தான். "வெயில் ஜாஸ்தியா கீது. எல்லாருக்கும் சர்பத் போட்டுக் குடு" என்றான்.

தருமன் பழத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான். ஆரணி லாரி டிரைவர் அப்பாதுரை என்று ஒரு பெரிய ஆள், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பஸ் மாறி வந்தது சர்பத் குடிக்கவா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் நின்றவர், "அப்ப எனக்கு உங்க டம்ளரையும் சேத்துக் குடுங்க" என்றார். அதில்தான் கூட்டம் சிரித்தது, சிரித்ததும் சிலர் அழுதார்கள். இரண்டு பழம் எத்தனை பேருக்கு வரும்? எதிர்க்கடையிலிருந்து கூடை வந்தது, அண்டா வந்தது.

வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போகிறேன் என்று அருணகிரி சொன்னான். தனியாகத் தள்ள விடுவார்களா? தள்ளுறதுதான் தள்ளுறோம், மலையைச் சுத்திக்கினே போலாம் என்று அப்பாதுரையே ஹாண்டில் பாரில் கை வைத்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டு நடந்தார்கள். நான் பாதி தூரம் நடந்தேன், மீதி தூரம் ஜட்காவில் பக்கத்திலேயே போனேன். காது கேட்கிற தூரம்தான்.

அப்பாதுரை சொன்னார், "ஏழு வருசமா உங்க முதுகத்தான்ணா பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் மூஞ்சியப் பாக்கறேன்" என்று. அதற்கு அருணகிரி, "எனக்கு ஓரத்துல கலர் கலரா ஒரு கோடுதான் தெரியும். அது நீங்கதானா?" என்றான். அந்த ஆள் நடு ரோட்டில் நின்று அவனைக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டுக்கொண்டே வந்தான். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று. கண் மூடித் திறப்பதற்குள் பறந்துவிடுகிற பிள்ளை, ஒரு பிற்பகல் முழுக்க நடந்தான். முடி வெட்டுகிறவர் தன் மகளுக்கும் நம் ரேணு மாதிரி மூன்று வயது என்று சொன்னபோது மட்டும் அவன் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

அடி அண்ணாமலை தாண்டும்போது தருமன் என் ஜட்கா பக்கமாக வந்தான். "அண்ணிக்கு எழுதுங்க ஆயா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்யாப் போச்சு, இன்னிக்கு இது நெஜம்னு நீங்க எழுதுங்க" என்றான். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எழுதிவிட்டேன்.

இனி நான் மறைக்காமல் சொல்ல வேண்டியது. உனக்காகத்தான் விட்டான் என்று எழுதினால் நீ உருகிப் போவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் அப்படிச் சொல்லவில்லை, சொல்லாததை நான் எழுத மாட்டேன். வண்டியை இன்னும் விற்கவில்லை. பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறான். காலையில் எழுந்ததும் போய்த் துடைக்கிறான். நான் தடுக்கவில்லை. வேங்கிக்கால் பக்கம் கடை பார்த்திருக்கிறான், மோட்டார் சாமான் விற்க. உன் அண்ணனுக்கு எழுதட்டுமா என்று ஒரு நாள் என்னைக் கேட்டான், மறுநாள் வேண்டாம் என்றான். நான் உன்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து பட்டவள் நீ.

தீர்க்க சுமங்கலியாக இரு என்று முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன். நீ போனதிலிருந்து அதை எழுதக் கை வரவில்லை, நீ கவனித்திருப்பாய். இன்றைக்கு எழுதுகிறேன். தீர்க்க சுமங்கலியாக இரு அம்மா.

ரேணு எவ்வளவு உயரம் ஆகியிருப்பாள் என்று அவன் நேற்று என்னிடம் கேட்டான். நான் என் இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன். அவன் இல்லை என்று இன்னும் கீழே காட்டினான். அவனிடம் இருக்கிற போட்டோவில் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய், தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்து, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் போடு. அவளைத் தனியாக நிற்க வைக்காதே. நீயும் பக்கத்தில் நில்.

இப்படிக்கு,
உன் ஆயா
ரேணுகாம்பாள்