கோயில் என்று கும்பிட்ட வீடு

மே 1, புதன்

நல்ல வெயில், ஆனால் காது குளிர்கிறது. மதிய இடைவேளையில் மார்க்கம் நகர ஒபிசிலிருந்து தனியே நடை. ஜூனில் கணக்காளர் பரீட்சை. பாதிப் பாடம்கூட முடியவில்லை. வீட்டில் படிக்க இருப்பது சாப்பாட்டு மேசைதான். அதைச் சுற்றிப் பிள்ளைகள், ரீவி, இவருடைய பேப்பர். இந்த முறையும் தவறினால் ஆயுள் முழுக்க டேட்டா என்ட்ரிதான்.

பின் தெருவில், பெரிய வீடு ஒன்றின் பின்வளவில்: கறுத்த ஓடு, நுனி வளைந்த கூரை, மரத்தூண், கடதாசிக் கதவு. கனடாவில், அதுவும் மார்க்கத்தில்! எந்த நாட்டுக் கோயிலோ. வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டேன். பாஸ் பண்ணவேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

மே 2, வியாழன்

மழை. நடை இல்லை. இவரிடம் சொன்னேன்.
"உமக்கு எங்க போனாலும் ஒரு கோயில் வந்திடும்."
பால், வெங்காயம் வாங்க மறந்தாயிற்று.

மே 3, வெள்ளி

தலை முழுகி, மரக்கறிச் சாப்பாடு. கையில் மஞ்சள் செவ்வந்தி. அந்தக் கோயில் வளவின் கேற் திறந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றி, படியில் பூ வைத்து, கண் மூடி நின்றேன். திறந்தால் எதிரே ஒரு கொரிய மனிசி, கையில் களை பிடுங்கும் கத்தி.

"கோயில் இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "என் கணவர் படிக்கும் வீடு."

வெட்கத்தில் செத்தேன். அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு உள்ளே கூட்டிப் போனார். கொரியாவில் அந்தக் காலத்துக் கல்விமான்கள் இப்படித் தனி வீட்டில் இருந்துதான் படிப்பார்களாம். ஓடு கப்பலில் வந்ததாம். ஒரு குட்டை மேசை, தூரிகை, மை அரைக்கும் கல். வேறு ஒன்றுமே இல்லை. வெறும் அறை இவ்வளவு வடிவாயிருக்குமா! தரைக்குக் கீழே சூடு. விறைத்த பாதத்துக்கு என்ன சுகம்!

கணவருக்கு உடுப்பு வெளுக்கும் கடை. பின்னேரம் பூட்டிவிட்டு நேரே இங்கேதான். "உள்ளே போனால் நானும் கூப்பிடமாட்டேன்."

அந்த மனிதரில் மரியாதை வந்தது. பொறாமையும்தான். என் பூவைக் குவளையில் போட்டுக் கணவரின் மேசையில் வைத்தார் மனிசி.

மே 4, சனி

வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். கதவும் இருந்து, ஒருவரும் சத்தம் போடாத இடம் ஒன்றே ஒன்று: உடுப்பு வைக்கும் சின்ன அறையில் நாங்கள் செய்த சாமி அறை. படங்களை ஒரு பக்கம் ஒதுக்கிப் பலகை போட்டேன். கல்குலேட்டர், புத்தகங்கள், தலையணை.

"சாமி அறைக்குள்ளயோ கணக்குப் படிக்கிறது?"
"சரஸ்வதியும் உள்ளதானே இருக்கிறா. அவவுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

இவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மே 5, ஞாயிறு

திரும்பவும் மழை. காலையிலிருந்து உள்ளே. சாம்பிராணி மணம், ஓயாத தும்மல். இரண்டு அத்தியாயம் முடிந்தது.

டெலிபோன். இவருடைய அக்கா. பழக்கதோஷத்தில் எழும்பப் போனேன். கதவுக்கு வெளியே இவர், குரலைத் தணித்து:

"அவ சாமி அறைக்குள்ள இருக்கிறா, அக்கா. இப்ப கூப்பிடேலாது."