அண்ணனைத் திருப்பி அழைக்க ஒரு மசோதா

17.9.2007, திங்கள்

தலைமையாசிரியை அறைக் கதவில் ‘வீடு வாடகைக்கு’ அட்டையைத் தொங்கவிட்டது நான்தான் என்று மூன்றாவது பீரியடுக்குள் தெரிந்துவிட்டது. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது, துரோகி.

தண்டனையாகப் பார்வதி மிஸ் என்னைப் பள்ளி இளைஞர் நாடாளுமன்றத்தில் சேர்த்துவிட்டார். அக்டோபர் ஐந்தாம் தேதி கூட்டம். நான் ஒரு மசோதா கொண்டுவர வேண்டுமாம்.

“மசோதான்னா மசால் தோசைக்குச் சொந்தமா மிஸ்?”

“எல்லை மீறாத, சுடர்விழி.”

சரி. எல்லையைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

நிறைவேறும் மசோதாவை டெல்லிக்கு அனுப்புவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு விளையாட்டு போய்விட்டது. ராணுவத்தில் இருக்கும் வெற்றிவேல் அண்ணனை ஐ.நா. அமைதிப்படையில் காங்கோவுக்கு அனுப்பிப் பதினாலு மாதம் ஆகிறது. அங்கே மறுபடி சண்டை என்று போன வாரம் டி.வி.யில் காட்டினார்கள். அன்றிலிருந்து செய்தி நேரம் வந்தால் அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறாள். கழுவினதையே கழுவுகிறாள்.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறேன். சட்டப்படி.

20.9.2007

எழுதிவிட்டேன். ‘எல்லைக் காவலில் எத்தனை இடம் காலியாக இருக்கிறதோ, வெளிநாடு போயிருக்கும் படையில் அத்தனை பேரை உடனே திருப்பி அழைக்க வேண்டும்.’ ஒரே வரி. எனக்குக் காங்கோதான் கணக்கு. எல்லை சும்மா சாக்கு. ‘அண்ணனை விடுங்கள்’ என்று எழுதினால் யார் ஓட்டுப் போடுவார்கள்?

சாரம் ஏரியாவிலிருந்து வரும் என் வகுப்புக் கலைவாணி படித்துவிட்டு, தானே வந்து வழிமொழிகிறேன் என்றாள். அவள் அப்பாவும் ராணுவம். காஷ்மீர் பக்கம் மலைமேல். வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாம்.

“இத மொதல்லயே யாராச்சும் எழுதியிருக்கணும்டி” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாக்கு என்று சொல்லவில்லை.

23.9.2007, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். மசோதாவை ராகம் போட்டுப் படித்துக் காட்டினேன். சிரித்தான். அப்புறம்,

“ஏய் வாலு, திருப்பிக் கூப்ட்டா எங்க அனுப்புவாங்கன்னு நெனச்ச?”

“வீட்டுக்கு.”

“லூசு. காலியா இருக்கிற எடத்துக்குத்தான் அனுப்புவான். நீ எழுதியிருக்கிறபடி பாத்தா, மொத வண்டில மலைக்குப் போறவன் நான்தான். இங்க கொசு. அங்க பனி, குண்டு ரெண்டும்.”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முட்டாள். அம்மா கையிலிருந்த கரண்டியோடு வந்து நின்றாள்.

“இன்னாடி எழுதி வச்சிருக்க? கிழிச்சிப் போடு அத.”

அப்பா ஓட்டல் வாசலில் செக்யூரிட்டி. அப்போதுதான் டூட்டி முடித்து வந்திருந்தார். “ஸ்கூல் நாடகம்தானம்மா, விடு” என்றார். அம்மா விடவில்லை.

24.9.2007

கிழிக்கவில்லை. ஆனால் திரும்பப் பெறப்போகிறேன். எந்தத் தங்கச்சி தன் அண்ணனைப் பனியில் தள்ளச் சட்டம் போடுவாள்?

26.9.2007

கலைவாணியிடம் சொன்னேன். வழக்கம்போலக் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன்: “மசோதா கருகிடுச்சி, வேற ஊத்தலாம்.” அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. சாக்கு உட்பட எல்லாவற்றையும்.

நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “எங்கப்பா மூணு தரம் லீவு கேட்டாரு. மாத்திவிட ஆள் இல்லயாம். உங்கண்ணன்தான் போகணும்னு நான் சொல்லல, சுடர். ஆனா யாராச்சும் ஒருத்தர் ஏறினாத்தான எங்கப்பா எறங்க முடியும்?”



அண்ணன் ஏறக்கூடாது. அவள் அப்பா இறங்கணும். நடுவில் யார்? யாரோ ஒரு சுடர்விழியின் அண்ணன். அவன் மட்டும் என்ன, ஆகாயத்திலிருந்து குதித்தவனா?

ச்சே.

3.10.2007

திரும்பப் பெறவில்லை. இரண்டாவது வரி சேர்த்திருக்கிறேன்: ‘ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது நடுவில் முப்பது நாள் வீட்டில் இருக்க விட வேண்டும்.’ அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

5.10.2007, வெள்ளி

எதிர்க்கட்சித் தலைவி மாலா. நன்றாகத் தயாரித்து வந்திருந்தாள், பாவி. “ஐ.நா.வுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? நாம் கிளம்பி வந்துவிட்டால் அந்த ஊர் ஜனங்களை யார் பார்ப்பது?” எனக்கு அதற்குச் சரியான பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அடுத்தது, நான் பயந்த கேள்வி.

“உறுப்பினரின் அண்ணன் காங்கோவில் இருக்கிறார். அவரை வீட்டுக்கு வரவழைக்கத்தான் இந்த மசோதாவா?”

ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“ஆமாம், அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் இது அவரை வீட்டுக்குக் கொண்டுவராது, மலைக்குத்தான் அனுப்பும். அங்கே மாற்ற ஆளில்லாமல் ஒன்றரை வருஷமாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆளைத் தவிர வேறு யாராவது போகட்டும் என்று ஒரு சட்டம் எழுத முடியுமா? எழுதிப் பார்த்தேன். வரவில்லை.”

 சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆதரவு இருபத்துமூன்று, எதிர்ப்பு இருபது. பார்வதி மிஸ் டஸ்டரால் மேஜையில் தட்டி, நிறைவேறியது என்றார். சுண்ணாம்புத் தூள் பறந்து சபாநாயகர் தும்மினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (இது ஞாயிற்றுக்கிழமை சேர்த்தது.)

29.10.2007

அண்ணன் படைப்பிரிவுக்குக் காங்கோ முடிந்தது. பத்து நாள் லீவு, அப்புறம் காஷ்மீர். இதற்கும் என் மசோதாவுக்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவிடம் அப்பா மூன்று தடவை சொன்னார். அது தபாலில் போயே ஒரு வாரம்தான் ஆகிறது. தெரியும். இருந்தாலும் சாப்பிட முடியவில்லை.

18.11.2007, ஞாயிறு

நாளைக்கு அண்ணனுக்கு ரயில்.

சாயந்தரம் கலைவாணி அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தீபாவளிக்கு முந்தின நாள்தான் இறங்கி வந்தாராம். முகமெல்லாம் வெயிலில் உரிந்த மாதிரி, பனியாம். கையில் ஒரு பை நிறையக் கம்பளிச் சாமான். அம்மா உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“கால் வெரல்ல ஈரம் தங்க விடக் கூடாது தம்பி. சாக்ஸ நனைய நனைய மாத்திடணும்” என்று அண்ணனிடம் சொன்னார்.

“ஒரு நாளைக்கு எத்தன ஜோடிங்க ஆகும்?” அம்மாதான் கேட்டாள். அவர் சொன்னதும் எழுந்து போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, பத்தாது என்று அப்பாவைக் கடைக்கு அனுப்பினாள்.

எல்லாவற்றையும் வைத்ததும் இரும்புப் பெட்டி மூடவில்லை. நானும் கலைவாணியும் ஏறி உட்கார்ந்தோம். அண்ணன் கொக்கியை மாட்டினான்.

கொஞ்ச நேரம் நாங்கள் இறங்கவில்லை.