அரை முழக் கயிறு

மார்ச் 4, செவ்வாய்

ஐந்தே காலுக்குக் கிளம்பினேன். ஆறு கிலோமீட்டர், நாற்பத்தேழு நிமிடம். முழங்கால் முனகவில்லை.

கால்வாய்க் கரை முழுக்க மூடுபனி. முன்னால் பத்தடிதான் தெரிந்தது. அதை ஓடி முடித்தால் அடுத்த பத்தடியை யாரோ விரித்து வைத்திருந்தார்கள். நாளெல்லாம் ஓட்டல் விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விடுகிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

சலவை நிலையத்தில் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் தோழி இன்றும் கேட்டாள்: “ரெண்டு வருஷமா ஓடுறியே, யாராவது துரத்துறாங்களா?” இல்லை. நாற்பத்து நான்கு வயதில் துரத்த யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் எதுவும் இல்லை. அது பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஓட்டக் குழுவை நடத்தும் தபால்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பார்வையில்லாத பெண் ஒருத்தி, அக்டோபரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் போட்டியில் ஓட ஆசைப்படுகிறாளாம். கூட ஓட ஆள் வேண்டும்.

“நான் எதுக்கு?” என்றேன்.

“நீங்கதான் வேகமா ஓட மாட்டீங்களே, அதான் பொருத்தமா இருக்கும்.”

பாராட்டா, திட்டா? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ரொட்டித் துண்டை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். ரெண்டும்தானாம்.

மார்ச் 11, செவ்வாய்

வந்தாள். இருபத்தொன்பது வயது. குடிநீர் வாரியத்தில் புகார் தொலைபேசி ஆபரேட்டர். “ஊர்ல எந்தக் குழாய் உடைஞ்சாலும் மொதல்ல எங்கிட்டதான் அழுவாங்க” என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல், அதோடு கண் போய்விட்டது. பெற்றோர் இல்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணனோடு இருக்கிறாள். அவர்தான் கொண்டுவந்து விட்டார். எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது.

ஷூ கயிற்றை வெட்டி இரண்டு முனையிலும் வளையம் போட்டிருந்தாள். அரை முழம் இருந்தால் அதிகம். ஒரு வளையம் அவள் கையில், ஒன்று என் கையில்.

“பள்ளம், மேடு, படி, நாய். இதச் சொன்னாப் போதும்கா. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

என் இடது கையும் அவள் வலது கையும் ஒன்றாக வீசவேண்டும். வீசவில்லை. இரண்டு கிலோமீட்டருக்குள் நான்கு முறை அவள் காலை மிதித்துவிட்டேன். ஐந்தாவது முறை அவள் என் காலை மிதித்துவிட்டு, “கணக்குத் தீக்கிறேன்” என்றாள்.

மார்ச் 20, வியாழன்

இன்று ஒரு நூறு அடி தூரம் இரண்டு பேருக்கும் ஒரே காலடிச் சத்தம் கேட்டது. பேசினால் கலைந்துவிடும் என்று இருவருமே வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஏன் அப்படிச் சொன்னேன்?

மூன்றாவது கிலோமீட்டரில் பழைய கிடங்குகளின் சுவர் வரும். கால்வாயை ஒட்டி நீளமாக, சாம்பல் நிறத்தில். “இப்ப என்ன தெரியுது?” என்று கேட்டாள். சுவர் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப?” அப்போதும் சுவர்தான். மறுபடி சுவர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதை நானே கட்டியதுபோல.

“மொட்டை மாடியில ஒருத்தர் படகு கட்டுறார்” என்றேன்.

“மாடியிலயா? எப்படி எறக்குவாரு?”

“தெரியல. இப்பதான் அடிப்பலகை போட்டிருக்கார்.”

அவள் முகம் மாடியின் பக்கம் திரும்பியது. அந்த முகத்தைப் பார்த்தபின் பொய்யென்று சொல்ல வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

விலா எலும்புகள் மாதிரிக் குறுக்குச் சட்டங்கள் வைத்துவிட்டார். (யார்? நான்தான்.)

மே 6, செவ்வாய்

எட்டு கிலோமீட்டர் முதல் முறை. கடைசி ஒரு கிலோமீட்டர் கால்கள் என்னுடையவை இல்லை. எங்கோ தூங்கிக்கொண்டிருந்தேன், உடம்பு மட்டும் ஓடியது. கயிறுதான் இழுத்துப்பிடித்தது. யார் யாருக்குத் துணை?

படகுக்காரருக்கு ஒரு மனைவி வந்துவிட்டாள். தேநீர்க் கோப்பையைப் பலகைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறவள். சொல்லிக்கொண்டு வரும்போது எனக்கே அவள்மேல் பாவமாக இருந்தது.

மே 20, செவ்வாய்

உருளை பழுது. வேலையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். படகுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “எங்கடி இருக்க?” என்று தோழி முதுகில் தட்டினாள். மாடியில், என்று சொல்ல இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுத முடியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

படகுக்குச் சாயம் அடிப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீலமா பச்சையா என்று கேட்டாள். நான் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தேன். கடவுளே — நானே பார்த்தேன், இல்லாத படகை. நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்து நின்றிருக்கிறது. நான் தாண்டிவிட்டேன். அவள் தாண்டவில்லை.

கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போன அந்த நொடி. அவள் கத்தவே இல்லை. “நீலமா பச்சையா?” என்பதற்கும் விழுந்ததற்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரமில்லை.

இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அண்ணன் வந்தார். கடையைப் பூட்டாமல் ஓடிவந்திருக்க வேண்டும், சட்டைப்பையில் இன்னும் மருந்துச் சீட்டு. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

“உங்கள நம்பித்தானே அனுப்பினேன்? கண்ண எங்க வச்சிருந்தீங்க?”

எங்கே வச்சிருந்தேன்?

ஜூன் 19, வியாழன்

போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

தபால்காரர் விசாரித்தார். ஆறு வாரம் மாவுக்கட்டாம். இனி ஓட்டமே வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். நல்லதுதான் என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஐந்தே காலுக்கு விழிப்பு மட்டும் தவறாமல் வருகிறது.

ஜூலை 7, திங்கள்

கணவர் லிப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “போய்ப் பாத்தியா அந்தப் பொண்ண?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எந்த முகத்தோடு போவது என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் துணியை மடித்தார். பிறகு சொன்னார்: “லிப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னா, உள்ள மாட்டினவங்க எப்ப சரியாகும்னு மொதல்ல கேக்க மாட்டாங்க. வெளிய யாராவது இருக்கீங்களான்னுதான் கேப்பாங்க.”

கை கழுவப் போய்விட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

போனேன்.

அண்ணன் கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டார். அவள் ஜன்னலோரம் மாவுக்கட்டைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். என் காலடியிலேயே தெரிந்துவிட்டது.

“வழி தெரியாம வந்துட்டீங்களா?”

உட்காராமலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். “அந்தப் படகு... அப்படி ஒண்ணு இல்லம்மா. ஆளும் இல்ல. எல்லாம் நானே சொன்னது. அத வேடிக்கை பாக்கத்தான் தலையத் தூக்கினேன். அதனாலதான் நீ விழுந்த.”

பின்னால் அண்ணன் கதவில் சாய்ந்து நிற்பது தெரிந்தது.

“எனக்குத் தெரியும்கா” என்றாள். “ரெண்டு மாசத்துக்கு மேல ஒருத்தர் படகு கட்டுறாரு, ஒரு நாளாவது சுத்தியல் சத்தம் கேக்க வேணாமா?”

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

“தெரிஞ்சும் ஏன் கேட்ட?”

“நல்லா இருந்துச்சு. நாள் பூரா உடைஞ்ச குழாய்க் கதையே கேக்குறவளுக்கு அது நல்லா இருந்துச்சு.” பிறகுதான் அவள் குரல் மாறியது. “விழுந்தது பெரிசில்லக்கா. கை உடைஞ்சா ஒட்டும். மூணு வாரம். மூணு வாரம் நீங்க ஏன்கா காணாமப் போனீங்க? விழுந்தவ நானு. நீங்க எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டீங்க?”

அழுதேன். அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதேன். அவள் நல்ல கையை நீட்டித் தேடி என் புடவைத் தலைப்பை என் கையிலேயே திணித்தாள்.

கிளம்பும்போது சொன்னாள்: “இனிமே இருக்கிறத மட்டும் சொல்லுங்க. சுவர்னா சுவர். எனக்கு அது போதும்.”

“இனிமேவா?” என்றார் அண்ணன். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

“ஆமா. இனிமே” என்றாள் அவள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மறுபடி கால்வாய்க் கரை. மாவுக்கட்டு போய்விட்டது. அண்ணன் ஒரு நிபந்தனையோடு விட்டிருக்கிறார்: அவரும் வருவார், சைக்கிளில், பின்னாலேயே. பள்ளத்துக்கு நான் வாய் திறப்பதற்குள் அவர் மணியடித்துவிடுகிறார். மேட்டுக்கும் மணி. புறாவுக்கும் மணி. கடைசியில் அவள் நின்று, “அண்ணா, நான் என்ன ரயிலா?” என்று கேட்டபிறகுதான் ஓய்ந்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கிடங்குச் சுவர் வந்தது.

“என்ன இருக்கு?”

“சுவர். அடியில ஈரம். ஈரத்துல பாசி.”

“என்ன பச்சை?”

நன்றாகப் பார்த்தேன். இரண்டு வருடமாக இந்தச் சுவரோரம் ஓடுகிறேன், பாசியை இன்றுதான் பார்க்கிறேன். கீழே கருத்த பச்சை, மேலே போகப்போக மஞ்சளாகிக் கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆகும் பச்சை. சொன்னேன். நடுவில் ஒரு சின்ன சதுர ஜன்னல், கம்பியில் யாருடைய பூட்ஸோ தலைகீழாகக் காய்கிறது. அதையும் சொன்னேன்.

“இது நிஜமா?”

“நிஜம்.”

“படகவிட இது நல்லாருக்கு” என்றாள்.

செப்டம்பர் 11, வியாழன்

மழைத்தூறலில் ஒன்பது கிலோமீட்டர். கால்வாய் மேலே வானமும் வானத்துக்குள் நாங்களும். வீடு வந்து ஷூவைக் கழற்றியபிறகும் தரை நகர்ந்துகொண்டே இருந்தது. வேலையில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்ததும் கை தானாக வீசத் தொடங்கிவிட்டது. தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 11, சனி

நாளைக்கு. தூக்கம் வராது போல. வந்தாலும் ஓடிக்கொண்டேதான் தூங்குவேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதவேண்டும்.

நல்ல குளிர். முதல் ஐந்து கிலோமீட்டர் காற்றில் மிதந்தோம். அண்ணன் சாலையோரமாக சைக்கிளில், மணியைத் தொடாமல். ஏழாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் என் வலது கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அப்படி ஒரு வலி, முகம் தரைக்கு வந்துவிட்டது.

“என்னாச்சுக்கா?”

“கால் பிடிச்சிடுச்சு. நீ போ.”

“யாரோட?”

எங்களைத் தாண்டி ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் வளையத்தை விடாமல் நின்றாள். அவளுடைய மூச்சு தணிய ஆரம்பித்தது. உடம்பு ஆறினால் முடிந்தது, ஓட்டம் போய்விடும்.

நான் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “ஐயோ, நானா? பழக்கமே இல்லம்மா. செருப்பு வேற. விழுந்துட்டா?”

“விழுந்தா எழுந்துக்குவேன்” என்றாள் அவள். “கயித்தப் புடிண்ணா.”

சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டு வந்தார். அவர் விரல்கள் வளையத்துக்குள் நுழையவில்லை, நான்தான் மாட்டிவிட்டேன். முதல் இருபது அடி பார்க்கச் சகிக்கவில்லை. கையும் காலும் சண்டை போட்டன. பிறகு அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார், அவளுக்குத் தெரியாதே என்று நினைவு வந்ததும் “சரி, சரி” என்று சத்தமாகச் சொன்னார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் போனேன். அப்போதுதான் உறைத்தது — ஏழு மாதம் அவளோடு ஓடியிருக்கிறேன், அவள் ஓடுவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எப்போதும் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

இளவெயில் சாலை முழுக்கப் படிந்திருந்தது. அதில் அவர்கள் இருவரும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். திருப்பத்தில் மறையும்வரை கண்ணை எடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் புல்லில் மல்லாந்து கிடந்தார், ஒரு செருப்பு வார் அறுந்து பக்கத்தில். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கிட்டப் போய்த்தான் பார்க்கவேண்டியிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

“பின்னாலேர்ந்து பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன்.”

“எப்படி ஓடுறேன்? கண்ணு போனப்புறம்தான் ஓடவே ஆரம்பிச்சேன். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.”

கொஞ்சம் யோசித்துச் சொன்னேன். “தல லேசா இடப்பக்கம் சாஞ்சிருக்கு, யாரோ கூப்பிடுறதக் கேக்குற மாதிரி. தோள் ரெண்டும் எறங்கி இருக்கு, இறுக்கமே இல்ல. ஜடை மட்டும் அதுபாட்டுக்கு ஆடுது. வலது கால் ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கமா வீசுது.”

அசையாமல் கேட்டாள். நான் பார்த்ததைவிடவும் தூரத்திலிருந்து அவள் தன்னையே அந்தச் சாலையில் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

“வலது கால் வெளிய வீசுதா?”

“ஆமா.”

“அதச் சரி பண்ணணும்கா” என்றாள்.