எட்டுத் துளை

ஏப்ரல் 3, வியாழன்
காலையிலேயே கொளுத்தும் வெயில். காற்று இல்லை. பழுது பார்க்கச் சாந்தி அக்காவின் பாய்ப்படகைக் கரையேற்றியாயிற்று. யாரோ வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப்போன பழைய பைபர் படகு. அதில் ஆட்களை ஏற்றித் திமிங்கிலம் காட்டுவதுதான் அக்காவின் பிழைப்பு. மே தொடங்கினால் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"தம்பி நஸீர், மேல்தட்டில கால் வைச்சா அமிழுது. பயமாக் கிடக்கு" என்றார் அக்கா.

சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். நடுவில் டக் டக். ஓரம் முழுக்கத் தொப் தொப், உள்ளே ஏதோ ஊறிக் கிடக்கிறது. வெட்ட வேண்டிய இடத்தைச் சுற்றி வெண்கட்டியால் கோடு போட்டேன்.

வாங்க: கிரைண்டர் தகடு 4, ரெசின், கையுறை, தேயிலை (வீட்டுக்கு).

ஏப்ரல் 4, வெள்ளி
ஜும்ஆத் தொழுகைக்கு முன் மேல்தட்டின் ஓரத்தில் பாதி வெட்டினேன். மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒன்று, இடையில் தக்கை மரம். தக்கை எங்கே? கறுப்புச் சேறு. அள்ள அள்ள வந்தது. நாற்றத்தில் சோறு இறங்கவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தார். "அந்த வெள்ளைக்காரன்ட வேலை."

நான் சேற்றை அள்ளிக்கொண்டே இருந்தேன். சேறெல்லாம் ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகளின் அடியைச் சுற்றித்தான். மூன்று வருடம் முன் அந்தக் கம்பிகளைப் போட்டது நான். எட்டுத் துளை. எங்கள் மீன்பிடிப் படகு என்றால் முழுக்கக் கெட்டி பைபர். துளைத்து, போல்ட் முறுக்கி, சிலிக்கன் பூசினால் சரி. அதே பழக்கத்தில் இதையும் துளைத்தேன். சிலிக்கன் பிடி விட்டது, தக்கை தண்ணீர் குடித்தது. யாராவது சாய்ந்திருந்தால் கம்பியோடு கடலுக்குள். மடையன் நான்.

ஏப்ரல் 5, சனி
நல்ல வெயில். தட்டு காய்கிறது. மனைவி நபீலாவிடம் மட்டும் சொன்னேன். "வாயப் பொத்திட்டு இரிங்க. ஆருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

எனக்குத் தெரியுமே. வெட்கமாக இருக்கிறது.

முடிவு: ஓரம் முழுக்கப் புதுத் தக்கை. துளை வரும் இடங்களில் தக்கையே கூடாது, கெட்டி ரெசின். இறுகிய பிறகுதான் துளைப்பது.

ஏப்ரல் 7, திங்கள்
தூறல். படகு நனையாமல் மேலே தறப்பாள் கட்டினேன். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். சொல்லிவிட்டேன்.

"அக்கா, வெள்ளைக்காரன் இல்ல. அந்தத் துளையெல்லாம் நான் போட்டது. என்ட பிழை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குனிந்து, வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மே மாசத்துக்கு முன்னம் முடிப்பீங்களோ?"

"ஓம் அக்கா. முடிக்காம விடமாட்டன்."

போகத் திரும்பியவர் நின்றார். "இதே கம்பிய இன்னும் ரெண்டு பாய்ப்படகுக்குப் போட்டனீங்களே தம்பி. அந்தப் படகுக்காரருக்குச் சொன்னனீங்களோ?"

ஏப்ரல் 8, செவ்வாய்
அந்த இரண்டு படகுக்காரரில் ஒருவர் சாம்பல்தீவு ஊரில். பொல்லாத கோபக்காரர். முதலில் அவரிடம் சொல்ல இப்போதே போகிறேன்.