மேட்டில் நின்ற மாரிஸ்

தாம்பரம்,
12.3.1987

என் பிரியமானவருக்கு,

நம் பழைய மாரிஸ் மைனர் காரை விற்றுவிடச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். நான் விற்கவில்லை. நேற்று அதிலேயே டிரைவிங் டெஸ்ட் கொடுத்தேன்.

மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டது.

"யம்மா, மேல வருதும்மா!" என்று பின்னாலிருந்த சைக்கிள்காரர் கத்தினார்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி குலுங்கிக்கொண்டே மேட்டில் ஏறியது.

"இந்தக் கெயவியையே ஏத்திட்டீங்க, இனிமே இன்னாம்மா பயம்?" என்று காரைத் தட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உங்களை அழைத்துவர நானே ஓட்டி வருகிறேன். பின்சீட்டில் ஊன்றுகோல்களுக்கு இடம் இருக்கிறது. காரை விற்காத கோபத்தில் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

உங்கள் மனைவி