கேபிளில் விழுந்த வலைமுடிச்சு

ரெஜின் கடலிலிருந்து திரும்புமுன் ஜின்சி குளச்சலுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. நேற்றைய சண்டைக்குப் பிறகு கணவனிடம் பேசாதவள், காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்.

"ஷைனிக்க அப்பாவுக்கு, மரச்சீனிக் கிழங்கு அவிச்சு மூடி வச்சிருக்கேன். மீன்கறி சட்டியில இருக்கு. டிவி இப்ப தெளிவாத் தெரியுது. எனக்க மிக்ஸியாலதான் படம் கெடுதுன்னு நேத்து ஏசினிய. அதில்ல காரியம். காத்துல ஆடாம இருக்க, கேபிளை மாடிக் கம்பியோட வலைநூல் வச்சுக் கட்டினியல்லா, அந்த இறுக்கத்துல வயரு நசுங்கிப்போச்சு. அதனாலதான் ஆளுவ ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாவ. கேபிள்காரரு அரைமணிக்கூர் பாடுபட்டும் முடிச்சு அவிழல்ல. 'இதக் கட்டினது யாரு?'ன்னு கேட்டாரு. எனக்க மாப்பிளன்னு சொல்லும்போ பெருமையாத்தான் இருந்துது. வயரை மாத்தியாச்சு. இனி தளத்திக் கட்டுங்க. சாவி பக்கத்து வீட்டு லீமாகிட்ட இருக்கு."

பெயரெழுதி முடித்தும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"முடிச்சை அறுக்க கேபிள்காரரு கத்தி கேட்டாரு, நான் குடுக்கல்ல. நானே அவுத்தேன். பத்து வருசமா நீங்க வலை முடியுததப் பக்கத்துல இருந்து பாக்குதவளாக்கும் நான்."